வைகை கடலில் சேரும் இடத்தில் ஓத மின்சாரம் எடுக்கலாமா?

வருசநாட்டு மலையில் கிளம்பும் வைகை, மதுரையைத் தாண்டி மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போய்ச் சேர்கிறது. கண்மாய் நிரம்பி மிஞ்சினால்தான் மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை என்ற கடலோர ஊரின் பக்கம் பாக் விரிகுடாவில் விழும். மின்சாரத்தைப் பற்றி மதுரைப் பக்கம் பேச்சு எழும்போது சிலர் இந்த முகத்துவாரத்தை நினைத்துக்கொண்டு கேட்பதுண்டு. கடல் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது (இந்த ஏற்றவற்றத்தைத்தான் ஓதம் என்பார்கள்), நிலக்கரி வேண்டாம், புகை இல்லை, அங்கே ஒரு அணையைப் போட்டு மின்சாரம் எடுத்தால் என்ன?

நல்ல கேள்விதான். பிரான்சில் 1966 முதல் எடுக்கிறார்கள். தென்கொரியாவில் 2011 முதல் எடுக்கிறார்கள். வைகையின் வாயில் மட்டும் முடியாது. அதற்கான காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் காட்டிவிடலாம். ஆனால் அதோடு விஷயம் முடிவதில்லை. எடுக்க முடிகிற இடங்களிலேயே சில நாடுகள் யோசித்து, எடை போட்டு, வேண்டாம் என்று திரும்பியிருக்கின்றன. அவர்கள் தராசில் எதையெல்லாம் வைத்தார்கள் என்று பார்ப்பது, மின்சாரமே எடுக்காத நம் முகத்துவாரங்களுக்கும் தேவையான வேலை என்று நான் நினைக்கிறேன்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆறு கடலைத் தொடும் கழிமுகத்தின் குறுக்கே ஒரு கதவணை கட்டுவார்கள். கடல் ஏறும்போது கதவுகளைத் திறந்து தண்ணீரை உள்ளே விடுவார்கள். ஏற்றம் உச்சத்துக்கு வந்ததும் அடைத்துவிட்டு, வெளியே கடல் வற்றும்வரை காத்திருப்பார்கள். உள்ளே மேடு, வெளியே பள்ளம் என்று ஆனதும் தேங்கிய தண்ணீரை டர்பைன் வழியாக வெளியே அனுப்புவார்கள். கண்மாயில் தண்ணீரைக் கட்டி மதகு வழியாக வயலுக்கு விடுவது போன்றதுதான், ஆனால் மழையை எதிர்பார்க்காமல் தினம் இரண்டு முறை தானே நிரம்பும் கண்மாய் இது. ஏறும் தண்ணீரிலும் டர்பைனைச் சுற்ற வைக்கலாம்; இரண்டு பக்கமும் ஓடும் எந்திரங்களும் உண்டு.

இதன் பெரிய பலம், நேரம் முன்கூட்டியே தெரியும் என்பது. சந்திரனும் சூரியனும் இழுக்கும் இழுப்பில் வருவதால் ஓதத்துக்கு அட்டவணை போடலாம். பத்து வருடம் கழித்து ஒரு நாள் எத்தனை மணிக்குக் கடல் ஏறும் என்று இன்றே சொல்லலாம். ஆண்டிபட்டி, கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் நிற்கும் காற்றாலைகள் தென்மேற்குப் பருவக்காற்றில் ஓடித் தள்ளும், மற்ற மாதங்களில் ஓய்ந்து நிற்கும். கமுதி சூரிய மின்பூங்காவில் பொழுது சாய்ந்தால் உற்பத்தி இல்லை. ஓதத்துக்கு இந்த இரண்டு குறையும் கிடையாது. அதற்கென்று வேறு குறை உண்டு. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆவதால், நாளுக்கு நாள் நேரம் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று மாலை ஏழு மணிக்கு, ஊரே விளக்குப் போடும் நேரத்தில் கிடைக்கும் மின்சாரம், அடுத்த வாரம் நள்ளிரவு தாண்டித்தான் வரும். அப்புறம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அஷ்டமியை ஒட்டி ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. மாதம் முழுவதும் ஒரே அளவு மின்சாரம் வராது.

சரி, வைகை வாயில் ஏன் முடியாது? அடைத்து வைத்த தண்ணீரில் உள்ள ஆற்றல், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் அளவும் இரண்டு மடங்கு, அது விழும் உயரமும் இரண்டு மடங்கு; ஆக ஆற்றல் நாலு மடங்கு. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பை அடைத்து, வித்தியாசம் 8 மீட்டர் இருந்தால், ஒரு தடவை வற்றும்போது அதில் உள்ள ஆற்றல் ஏறக்குறைய 89,000 யூனிட். பாக் விரிகுடாவில் இந்த வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டால் வருவது வெறும் 500 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று 2016இல் அறிவித்த மின்சாரம் 100 யூனிட். ஒரு சதுர கிலோமீட்டர் கடலை மறித்து, ஒரு வற்றத்தில் ஐந்து வீட்டு இலவச மின்சாரம். அதுவும் தாளில்தான். எந்திரத்தில் போகும் இழப்பைக் கழித்தால் இன்னும் குறையும். முழங்கால் உயரம் விழும் தண்ணீரில் பெரிய டர்பைனைச் சுற்றவைப்பதே பாடு.

குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் மட்டும் ஏன் 11 மீட்டர் வரை கடல் ஏறுகிறது என்று கேட்கலாம். அங்கே கடற்கரை புனல் மாதிரி உள்ளே போகப் போகக் குறுகுகிறது; அதற்கு முன்னால் ஆழம் குறைந்த கடலடித் திட்டு அகலமாக விரிந்து கிடக்கிறது. உள்ளே தள்ளப்படும் தண்ணீருக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. நம் பக்கம் நிலைமை வேறு. இலங்கையும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் மறைத்து நிற்க, பாக் விரிகுடா ஒரு முற்றம் போலச் சாந்தமாக இருக்கிறது. ராமேஸ்வரத்துக்காரர்கள் வடக்கே உள்ள இந்தக் கடலைப் பெண்கடல் என்றும், தெற்கே அலையடிக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள்.

பாம்பன் பாலத்துக்கு அடியில் தண்ணீர் வேகமாக ஓடுகிறதே, அதில் டர்பைனை இறக்கினால் என்ன என்பது அடுத்த கேள்வி. அணை கட்டாமல், ஓடும் நீரிலேயே காற்றாலை போன்ற எந்திரத்தை நிறுத்துவது இன்னொரு முறை. ஸ்காட்லாந்தின் வடமுனையில் பென்ட்லண்ட் ஜலசந்தியில் 1.5 மெகாவாட் டர்பைன்கள் நாலு இப்படித்தான் நிற்கின்றன. இதில் ஆற்றல் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது, அதாவது வேகத்தை மூன்று முறை வைத்துப் பெருக்கினால் வருவதை. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு. பென்ட்லண்டில் நீர் நொடிக்கு 5 மீட்டர் வரை ஓடும். பாம்பன் கால்வாய் ஆழம் குறைந்தது. அதில் ஓடும் நீரும் பருவக்காற்றுக்கு ஏற்பத் திசை மாறும். வடகிழக்குப் பருவத்தில் ஒரு பக்கம், தென்மேற்குப் பருவத்தில் மறு பக்கம். பெரிய எந்திரத்துக்கு அங்கே இடமில்லை.

பிரான்சின் லா ரான்ஸ் நிலையத்துக்கு வருகிறேன். உலகம் முழுக்க இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள், ஏனென்றால் ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய அனுபவம் இதற்குத்தான் உண்டு. சான் மாலோ என்ற ஊரின் அருகே ரான்ஸ் ஆற்றின் கழிமுகத்தை 750 மீட்டர் நீளக் கதவணை மறிக்கிறது. 24 டர்பைன்கள், மொத்தம் 240 மெகாவாட். அங்கே ஓத வித்தியாசம் சராசரியாக 8 மீட்டர், உச்சத்தில் 13.5 மீட்டர். ஆண்டுக்கு 50 கோடி யூனிட் அளவில் மின்சாரம் தருகிறது. போட்ட முதல் எப்போதோ திரும்பிவிட்டது; இன்று அது மலிவான மின்சாரம். அணையின் மேலேயே சாலை போவதால் இரு கரைக்கும் இடையே சுற்றிப் போகும் தூரமும் குறைந்தது. இவ்வளவும் நன்மைத் தட்டில் வைக்க வேண்டியவை, குறைத்துச் சொல்லக் கூடாதவை.

மறு தட்டில் இருப்பது, கட்டிய விதம். வேலை நடப்பதற்காக 1963 முதல் 1966 வரை கழிமுகத்தைக் கடலிலிருந்து துண்டித்தே வைத்தார்கள். ஏற்றவற்றம் நின்றது. உப்பின் அளவு தாறுமாறாக மாறியது, வண்டல் படிந்தது, உள்ளே வாழ்ந்த கடல் உயிர்கள் பெரும்பாலும் அழிந்தன. நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு உயிர்கள் திரும்ப வர ஏறக்குறைய பத்து வருடம் ஆயிற்று. திரும்பி வந்ததும் பழைய கூட்டம் முழுவதாக வரவில்லை. சில மீன்கள் குறைந்தன, வேறு சில பெருகின. கழிமுகம் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. வேறொரு கழிமுகமாக மாறிவிட்டது. கட்டுவதற்கு முன்னால் உள்ளே என்னென்ன இருந்தது என்று முழுமையாக யாரும் எழுதி வைக்காததால், போனது எவ்வளவு என்பதை இன்று சரியாக அளக்கவும் முடியவில்லை. என்னை உறுத்துவது இந்தக் கடைசி விஷயம்தான்.

கதவணை வந்தால் கழிமுகத்துக்கு என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உள்ளே கடல் முன்பு வற்றிய அளவுக்கு வற்றாது. அதனால் வற்றும்போது வெளியே தெரியும் சேற்றுத் திட்டுகள் சுருங்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது வெறும் சேறு. அதற்குள் புழுவும் சிப்பியும் நண்டுக் குஞ்சும் நிறைந்திருக்கும். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வரும் உள்ளான் இனப் பறவைகள் அந்தச் சில மணி நேரத்தில்தான் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். நீரோட்டம் மெதுவாகும்போது வண்டல் உள்ளேயே படியும், நீர்த்தேக்கத்தின் கொள்ளளவும் குறையும். கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே போய்வரும் மீன்களுக்கு ஒரே வழி டர்பைன் என்று ஆகிவிட்டால் அவை அடிபடும். கனடாவில் ஃபண்டி விரிகுடாவை ஒட்டி 1984இல் தொடங்கிய 20 மெகாவாட் அன்னாபொலிஸ் நிலையம் இந்தப் புகாரில்தான் பெயர் கெட்டது. மீன்களுக்கு ஏற்பட்ட சேதம் ஒரு பக்கம், எந்திரக் கோளாறு ஒரு பக்கம் என்று 2019இல் அது நின்றுபோனது.

மீன் ஏறும் வழியை மறித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் கனடா வரை போகவும் வேண்டாம். கங்கையில் 1975இல் ஃபராக்கா கதவணை வந்த பிறகு, ஒரு காலத்தில் அலகாபாத் வரை ஏறிய ஹில்சா மீன் மேல்பகுதியில் அரிதாகிவிட்டது. ஃபராக்கா ஓத மின்சாரத்துக்காகக் கட்டியதல்ல. மீனுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே உள்ள செவர்ன் கழிமுகம் இந்தத் தராசின் மிகப் பெரிய சோதனை. அங்கே ஓதம் 14 மீட்டர் வரை போகும். கார்டிஃபிலிருந்து வெஸ்டன் வரை 16 கிலோமீட்டர் கதவணை கட்டினால் 8,640 மெகாவாட், பிரிட்டனின் மின் தேவையில் ஏறக்குறைய 5 சதவீதம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். நூறாண்டுப் பேச்சு அது. கடைசியில் 2010 அக்டோபரில் அரசு கைவிட்டது. செலவு 3,000 கோடி பவுண்டுக்கு மேல் போகும் என்பது ஒரு காரணம். பறவைகளுக்கும் சால்மன் போன்ற மீன்களுக்கும் சேற்று நிலத்துக்கும் ஏற்படும் இழப்பை எங்கே கொண்டுபோய் ஈடுகட்டுவது என்பதும் பெரிய சிக்கலாக நின்றது. கழிமுகத்தை மறிக்காமல், கரையோரமாக வளைத்துச் சுவர் கட்டும் ஸ்வான்சி குடாத் திட்டமும் 2018இல் செலவு கட்டுப்படியாகாது என்று நிராகரிக்கப்பட்டது.

என் பார்வையில் அதிகம் கற்றுத் தருவது தென்கொரியா. அங்கே சிஹ்வா என்ற இடத்தில் விவசாயத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நன்னீர் ஏரி வேண்டும் என்று 1994இல் 12.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை மறித்துச் சுவர் கட்டினார்கள். சுற்றியிருந்த தொழிற்பேட்டைகளின் கழிவு ஏரிக்குள் சேர்ந்தது, வெளியேற வழியில்லை. சில வருடங்களிலேயே தண்ணீர் நாறிப்போனது. நன்னீர் ஏரி என்ற எண்ணத்தையே கைவிட்டு மறுபடியும் கடல்நீரை உள்ளே விட்டார்கள். எப்படியும் கடலைத் திறந்துவிட வேண்டியதுதான் என்று ஆனபோது, திறக்கும் வாயில் டர்பைன் வைத்தால் என்ன என்ற யோசனை வந்தது. 2011இல் ஓடத் தொடங்கிய 254 மெகாவாட் சிஹ்வா நிலையம்தான் இன்று உலகில் பெரியது. தண்ணீர் தினமும் உள்ளே வெளியே போய்வருவதால் ஏரியின் நிலையும் தேறியது. அங்கே கழிமுகத்தைக் கெடுத்த சுவர் ஏற்கனவே நின்றது. மின் நிலையம் அதில் ஓர் ஓட்டை போட்டது.

அதே நாட்டில் கரோரிம் விரிகுடாவில் 520 மெகாவாட் திட்டம் ஒன்று வந்தது. தொழில்நுட்பம் ஒன்றுதான், ஓதமும் நல்ல உயரம். ஆனால் அது திறந்து கிடந்த, சேற்றுநிலம் உயிரோடிருந்த, புள்ளிச் சீல்கள் (கடல்நாய்கள்) வந்துபோகும் இடம். 2014இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்தின் தாக்க மதிப்பீட்டை ஏற்க மறுத்தது. 2016இல் அந்த விரிகுடாவே பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியானது. ஓத மின்சாரம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் இந்த இரண்டு முடிவும் முரண்படுவது போலத் தெரியும். கட்டுவதற்கு முன் அந்த வாய் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று கேட்டால் இரண்டும் ஒரே நியாயத்தில் நிற்கும்.

இந்தியாவில் இதுவரை எதுவும் கட்டப்படவில்லை. காம்பத்தில் 7,000 மெகாவாட், கட்ச் வளைகுடாவில் 1,200, சுந்தரவனத்தில் 100 என்று வாய்ப்பு மதிப்பிடப்பட்டிருக்கிறது. சுந்தரவனத்தில் துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட் சிறு திட்டம் தொடங்கப் பார்த்தார்கள். மதிப்பீடு 238 கோடி ரூபாய் வரை ஏறியது, ஒரு மெகாவாட்டுக்கு 63 கோடிக்கு மேல். கைவிட்டார்கள். கமுதியில் 2016இல் முடிந்த 648 மெகாவாட் சூரிய மின்பூங்காவுக்கு ஆன செலவு சுமார் 4,550 கோடி. மெகாவாட்டுக்கு 7 கோடி. வருடம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சூரியத் தகடும் ஓத டர்பைனும் முழுத் திறனில் நாலில் ஒரு பங்கு அளவில்தான் தருகின்றன, அதனால் இந்த ஒப்பீடு அநியாயமானதல்ல. ஓத நிலையம் நூறாண்டு நிற்கும் என்ற வாதம் உண்மைதான். ஆனால் முதலில் போடும் பணத்துக்கான வட்டியே அந்த ஆயுளின் லாபத்தைத் தின்றுவிடுகிறது.

காம்பத்தில் இன்னொரு சிக்கல் வண்டல். நர்மதை, தபதி, மகி, சபர்மதி நாலும் அங்கே வந்து விழுகின்றன. தண்ணீரே பழுப்பு நிறம். அங்கே வளைகுடாவின் குறுக்கே அணை கட்டி நன்னீர் தேக்கும் கல்பசர் திட்டத்தைப் பல பத்தாண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடலை மறித்து நன்னீர் ஏரி என்பது சிஹ்வா முதலில் போன பாதை என்பதால் எனக்கு அதில் பயம் உண்டு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வைகை அணையில் உபரிநீர் திறக்கும் வருடங்களில் செய்திகளில் ஒரு வாசகம் தவறாமல் வரும், தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்று. மதுரையில் குடிநீருக்கு அல்லாடுகிறவர்களும், ராமநாதபுரத்தில் கண்மாய் நிறையாத வருடங்களைப் பார்த்த சம்சாரிகளும் அப்படி நினைப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. பெரியாறு அணை 1895இலும் வைகை அணை 1959இலும் வந்ததால்தான் இந்தப் பக்கம் இவ்வளவு நிலம் விளைகிறது; அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் 'வீண்' என்று எழுதும்போது முகத்துவாரத்துக்கு நாம் போடும் மதிப்பு பூஜ்யம். செவர்னில் நல்ல உயரமான ஓதம் இருந்தும் வேண்டாம் என்றார்களே, அதற்கு ஒரு காரணம் அந்தச் சேற்றுக்கு அவர்கள் பூஜ்யம் போடாததுதான்.

மழைக்காலத்தில் ஆறு கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் கரையோரக் கடலில் கலக்கும்போது அங்கே உப்பு குறைகிறது, சத்து சேர்கிறது. இறால் குஞ்சும் மடவையும் நண்டும் அந்தக் கலப்பு நீரில்தான் வளர்கின்றன. தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காட்டில் அலையாத்திக் காடு நிற்பதும் நன்னீரும் உப்புநீரும் மாறி மாறி வருவதால்தான். பாக் விரிகுடாவில் நாட்டுப்படகு வைத்து நண்டு வலை போடுகிறவர் குடும்பத்துக்கு இது வருமானக் கணக்கு. எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்த வருமானத்துக்கு ஒரு வரி ஒதுக்கப்படுவதில்லை என்பதால் அது இல்லாததாகிவிடாது.

நம் மாநிலத்தில் ஓத மின்சாரத்துக்காக யாரும் முகத்துவாரத்தை மறிக்கப் போவதில்லை. ஆனால் கடல்நீர் உள்ளே ஏறி நிலத்தடி நீரைக் கெடுக்காமல் இருக்கக் கடைமடைகளில் தடுப்பணையும் படுக்கை அணையும் கட்டுவது இங்கே வழக்கம். அதன் தேவையும் உண்மையானது. கிணறு உப்பாகிப் போன கடலோர ஊர்க்காரரிடம் மீன் குஞ்சைப் பற்றி மட்டும் பேச முடியாது. ஆனாலும் மீனுக்கும் சேற்றுக்கும் அந்த அணை செய்வது, ஒரு ஓத மின் நிலையத்தின் சுவர் செய்வதையேதான். சொல்லப்போனால், மின் நிலையமாவது தினம் இரண்டு தடவை கதவைத் திறக்கும். நம் தடுப்பணைகளுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் லா ரான்ஸிடமும் செவர்னிடமும் கேட்ட கேள்விகளை இவற்றிடமும் கேட்க வேண்டும். எந்த மாதங்களில் கதவு திறந்திருக்கும்? மீன் ஏற ஒரு படிவழி வைத்திருக்கிறார்களா? வண்டல் எங்கே தங்கும்? அணைக்குக் கீழே தொழில் செய்கிறவரிடம் யாராவது பேசினார்களா?

அதற்கெல்லாம் முன்னால், லா ரான்ஸில் செய்யத் தவறியதை ஆற்றங்கரை ஊர்ப் பக்கம் செய்து வைக்கலாம். உபரிநீர் வரும் வருடத்திலும் வராத வருடத்திலும் முகத்துவாரத்தில் உப்பு எவ்வளவு, இறால் குஞ்சு எந்த மாதத்தில் உள்ளே வருகிறது, மடவை ஆற்றில் எதுவரை ஏறுகிறது, எத்தனை படகு அதை நம்பியிருக்கிறது என்று எழுதி வைக்கும் பதிவு அது. பெரிய செலவு இல்லை. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு இருந்தது பக்கத்தில் உள்ள மண்டபத்தில்தான். தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போனாலும் அதன் மண்டல மையம் இன்றும் அங்கே இருக்கிறது. கடலோர ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகள் ராமநாதபுரத்திலும் மதுரையிலும் இருக்கின்றன. அடுத்த தடுப்பணைக்கு மதிப்பீடு போடுவதற்கு முன் இரண்டு மூன்று மழைக்காலத்துக்காவது இந்தப் பதிவு கையில் இருக்க வேண்டும்.